லாரிப் பாட்டுக்கு என்ன ஆயிற்று? டேல் வாட்சன் வழியே ஒரு விளக்கம்

2025 பிப்ரவரியில், சிறந்த கன்ட்ரி ஆல்பத்துக்கான கிராமி விருதை பாப் நட்சத்திரம் பியான்சே வாங்கினார். ‘இது கன்ட்ரியே இல்லை’ என்று ஒரு கூட்டம். ‘கன்ட்ரி என்ன உங்கள் பாட்டன் சொத்தா’ என்று இன்னொரு கூட்டம். அந்தச் சத்தம் அடங்குவதற்குள், ஜூன் மாதத்தில் கிராமி அமைப்பு அந்த விருதையே இரண்டாகப் பிரித்துவிட்டது. சமகாலக் கன்ட்ரிக்கு ஒன்று, மரபுக் கன்ட்ரிக்கு ஒன்று. 2026 விருதுகளிலிருந்து இதுதான் ஏற்பாடு.

விருது அரசியல் ஒரு பக்கம் இருக்கட்டும். செய்தியைப் படித்த பலருக்கும் வந்த சந்தேகம் வேறு. மரபுக் கன்ட்ரி என்று ஒன்று உண்டு என்றால், இத்தனை நாள் அது எங்கே இருந்தது? அதைப் பாடுகிறவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்?

இதைப் புரிந்துகொள்ள டெக்சஸ் பாடகர் டேல் வாட்சனைப் பின்தொடர்வது நல்ல வழி. கன்ட்ரியும் ராக்கபில்லியும் பாடுகிறவர், தன் பாட்டைத் தானே எழுதுகிறவர், லாரி டிரைவர்களுக்கென்றே மூன்று ஆல்பம் போட்டவர். லாரிப் பாட்டு என்பது மரபுக் கன்ட்ரியின் ஒரு கிளை. ஒரு காலத்தில் அமெரிக்க வானொலியில் கொடிகட்டிப் பறந்து, பிறகு ஏறக்குறைய காணாமலே போன கிளை. ரசனை மாறிவிட்டது, அதனால் போய்விட்டது என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். ரசனைக்கு அதில் சிறு பங்குதான். பாட்டு கேட்பவரிடம் போய்ச் சேர்ந்த வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. பெரிய காரணம் அதுதான்.

முதலில் நான்கு சொற்கள்

1. கன்ட்ரி: அமெரிக்கத் தென்மாநிலங்களின் வெள்ளையர் நாட்டுப்பாடல், கறுப்பினத்தவரின் புளூஸ், தேவாலயப் பாட்டு எல்லாம் கலந்து 1920-களில் இசைத்தட்டு வணிகமாக உருவெடுத்த இசை. டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரம்தான் அதன் தலைமையகம். நம்மூரில் சினிமாவுக்குக் கோடம்பாக்கம் என்பதுபோல, அங்கே ‘நாஷ்வில்’ என்றாலே கன்ட்ரித் தொழிலைக் குறிக்கும்.

2. ஹாங்கி டாங்க்: உழைப்பாளிகள் வேலை முடிந்து வந்து குடித்து ஆடும் மதுக்கடையின் பெயர், அங்கே வாசித்த இசைக்கும் அதே பெயர். மின்கிதார், பெடல் ஸ்டீல் (படுக்கைவசத்தில் வைத்து வாசிக்கும், அழுவதுபோல் இழைந்து ஒலிக்கும் கிதார்), பிடில், ஆடத் தோதான தாளம். பாட்டில் பெரும்பாலும் குடி, துரோகம், தனிமை.

3. ராக்கபில்லி: 1954 ஜூலையில் மெம்பிஸ் நகரின் சன் ஸ்டுடியோவில் எல்விஸ் பிரெஸ்லி பாடிய பாட்டோடு இதன் கதையைத் தொடங்குவது வழக்கம். கன்ட்ரியின் கிதாரும் புளூஸின் துள்ளலும் சேர்ந்த வேகமான இசை. பெரிய பேஸ் வாத்தியத்தின் தந்தியைக் கையால் அறைந்து தாளம் எழுப்புவார்கள். ஆரம்பப் பதிவுகள் பலவற்றில் டிரம்கூட இருக்காது. சன் ஸ்டுடியோ முதலாளி சாம் பிலிப்ஸ் இரண்டு டேப் இயந்திரங்களை இணைத்து, குரல் நொடியில் ஒரு சிறு பங்கு தாமதித்துத் திரும்பி ஒலிக்கும்படி செய்தார். ராக்கபில்லியை ஒரே நொடியில் அடையாளம் காட்டுவது அந்த எதிரொலிதான். அந்த ஜூலையில் எல்விஸ் என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தார் தெரியுமா? கிரவுன் எலக்ட்ரிக் என்ற மெம்பிஸ் நிறுவனத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார்.

4. லாரிப் பாட்டு: டிரைவரே தன் வாயால் சொல்வதுபோல் அமைந்த பாட்டு. ஹாங்கி டாங்கின் வாத்தியங்கள், ராக்கபில்லியின் வேகம், அடித்தொண்டையில் பாடும் கனத்த ஆண்குரல், டெலிகாஸ்டர் கிதாரின் கீழ்த்தந்திகளில் உறுமும் ஒரு வாசிப்பு. எஞ்சின் சத்தத்தை மீறிக் காதில் விழ வேண்டிய இசை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்தச் சேர்க்கையின் நியாயம் புரியும்.

சாலையும் சம்பளமும்

லாரியைப் பாடிய முதல் இசைத்தட்டு வெற்றி என்று வழக்கமாகச் சொல்லப்படுவது 1939-இல் வந்தது. டெக்சஸ்காரர் டெட் டாஃபன் எழுதி, கிளிஃப் புரூனரின் குழு பதிவு செய்த பாட்டு. காசு போட்டால் கேட்ட பாட்டைப் போடும் மதுக்கடை ஜூக்பாக்ஸ்களில் அது நன்றாக ஓடியது. ஆனாலும் தனி வகை என்று சொல்லும் அளவுக்குக் கூட்டம் சேர இன்னும் இருபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

காரணம் சாலை. 1956-இல் அதிபர் ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட சட்டம் 41,000 மைல் நீளத்துக்கு மாநிலங்களைக் கடக்கும் நெடுஞ்சாலைகளைத் திட்டமிட்டது. அதுவரை ரயிலில் போன சரக்கு லாரிக்கு மாறியது. நாள்கணக்கில் வீட்டுக்கு வராமல் ஓட்டும் பெரிய தொழிலாளர் கூட்டம் ஒன்று உருவாயிற்று. அவர்களில் கணிசமானோர் தென்மாநிலத்துக்காரர்கள். கன்ட்ரி அவர்கள் வீட்டு இசை.

சம்பளத்தையும் கவனிக்க வேண்டும். 1964-இல் லாரி டிரைவர்களின் டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கம், ஜிம்மி ஹோஃபா தலைமையில், நாடு முழுவதற்குமான சரக்குப் போக்குவரத்து ஊதிய ஒப்பந்தம் ஒன்றைப் போட்டது. அந்த ஒப்பந்தத்துக்குள் வந்த டிரைவர்களுக்கு நல்ல வருமானம், ஓய்வூதியம், ஊரில் மரியாதை. அந்தக் கால லாரிப் பாட்டுகளில் தெரியும் திமிருக்கு அடியில் இந்தக் கணக்கும் இருக்கிறது.

இந்தச் சூழல் உருவாகிக்கொண்டிருந்தபோதுதான், ஒப்பந்தத்துக்கு முந்தைய ஆண்டான 1963-இல், டேவ் டட்லி பாடிய ‘சிக்ஸ் டேஸ் ஆன் தி ரோட்’ வந்தது. எழுதியவர்கள் ஏர்ல் கிரீன், கார்ல் மாண்ட்கோமரி. கன்ட்ரி பட்டியலில் இரண்டாம் இடம், பாப் பட்டியலில் 32. ஆறு நாளாக வீடு திரும்பாத ஒரு டிரைவர். வண்டியில் அனுமதிக்கு மேல் கொஞ்சம் எடை. ஓட்டிய மணிநேரத்தை எழுதும் பதிவேடு நாள்கணக்கில் எழுதப்படாமல் கிடக்கிறது. தூக்கம் வராமல் இருக்க மாத்திரை போட்டிருக்கிறார். இன்றிரவு வீட்டுக்குப் போய்விடலாம் என்கிறார். ஒரு தொழிலின் சட்டமீறல்களை வரிசையாக ஒப்பித்துவிட்டுக் கைதட்டல் வாங்கிய பாட்டு. பிறகு வந்த லாரிப் பாட்டுகள் பலவும் இதன் பிள்ளைகள்தான்.

கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து ரெட் சிம்ப்சன் 1966-இல் கேப்பிட்டல் நிறுவனத்துக்காக முழு ஆல்பமே லாரிக்கென்று பாடினார். அங்கே ‘பேக்கர்ஸ்ஃபீல்டு ஒலி’ என்று ஒன்று ஏற்கெனவே இருந்தது. நாஷ்வில் வயலின் கூட்டத்தையும் பின்னணிக் குரல்களையும் சேர்த்து மெருகேற்றிக்கொண்டிருந்தபோது, இவர்கள் டெலிகாஸ்டரைக் கூர்மையாக அலறவிட்டார்கள். வாட்சனின் கிதாரில் கேட்பது பெரும்பாலும் இந்தக் கூர்மைதான். 1965-இல் டிக் கர்லெஸ் மெய்ன் மாநிலத்தின் ஒரு காட்டுப்பாதையைப் பாடினார். 1966-இல் கே ஆடம்ஸ் இளஞ்சிவப்பு மாக் லாரி ஓட்டும் பெண்ணைப் பாடினார். வரிசை நீளும், இங்கே போதும்.

பாட்டு டிரைவரிடம் போய்ச் சேர்ந்த மூன்று வழிகள்

1. டிரக் ஸ்டாப்: டீசல், சாப்பாடு, குளியல், தூக்கம் எல்லாம் ஒரே இடத்தில். அங்கே ஜூக்பாக்ஸ் இருக்கும். கல்லாப் பக்கத்தில் இசைத்தட்டு, பின்னாளில் எட்டுத்தட டேப், அப்புறம் கேசட் விற்பனைக்குத் தொங்கும். நகரத்து இசைக்கடை பக்கமே போகாத ஆளுக்கு அதுதான் கடை.

2. இரவு வானொலி: இதில் கொஞ்சம் அறிவியல் உண்டு. வளிமண்டலத்தின் மேலே அயனி மண்டலம் இருக்கிறது. பகலில் அதன் கீழடுக்கு மத்திய அலைகளை விழுங்கிவிடும்; ஒலிபரப்பு சுற்றுவட்டாரத்தைத் தாண்டி அதிகம் போகாது. சூரியன் மறைந்ததும் அந்தக் கீழடுக்கு கலைந்துபோகும். அலைகள் மேலடுக்கில் பட்டுத் திரும்பி, பல நூறு மைல் தள்ளி இறங்கும். 50,000 வாட் சக்தியுள்ள, அதே அலைவரிசையில் வேறு நிலையம் குறுக்கிடாத பெரிய நிலையங்கள் அமெரிக்காவில் சில இருந்தன. டெக்சஸின் ஃபோர்ட் வொர்த்திலிருந்து 820 கிலோஹெர்ட்ஸில் ஒலித்த டபிள்யூபிஏபி அவற்றில் ஒன்று. அங்கே 1969-இலிருந்து பில் மாக் நள்ளிரவு நிகழ்ச்சி நடத்தினார். பாட்டு, சாலை நிலவரம், வானிலை, டிரைவர்கள் வீட்டுக்குச் சொல்லி அனுப்பும் சேதி எல்லாம் அதில் வரும். நியூ ஆர்லியன்ஸின் டபிள்யூடபிள்யூஎல் நிலையத்தில் சார்லி டக்ளஸ் இதே வேலையைச் செய்தார். ஒரு டிரைவர் ஒரே நிலையத்தை இரவு முழுக்கக் கேட்டபடி பல மாநிலங்களைக் கடக்க முடிந்தது. அந்த நேரத்தில் கேட்பவர்கள் யார் என்பதில் நிலையத்துக்குச் சந்தேகமே இல்லை. டயர், எஞ்சின் எண்ணெய், லாரி விற்பவர்கள் விளம்பரம் கொடுத்தார்கள்.

3. சிபி வானொலி: டிரைவருக்கும் டிரைவருக்கும் பேச உதவிய, குறைந்த தூரம் எட்டும் கருவி. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு நாடு முழுக்க மணிக்கு 55 மைல் என்று வேகவரம்பு வந்தது. போலீஸ் எங்கே நிற்கிறது என்று ஒருவரை ஒருவர் எச்சரிக்க சிபி கைகொடுத்தது. லாரி பக்கமே போகாத பொதுமக்களும் அதை வாங்கத் தொடங்க, 1976 ஜனவரியில் ‘கான்வாய்’ என்ற பாட்டு பாப், கன்ட்ரி இரண்டு பட்டியலிலும் முதலிடம் பிடித்தது. பாடிய சி.டபிள்யூ. மெக்கால் லாரிக்காரரே இல்லை. அவர் ஒமாஹா விளம்பர நிறுவனமொன்றின் கலை இயக்குநர் பில் ஃப்ரைஸ். ஒரு ரொட்டி நிறுவனத்தின் தொலைக்காட்சி விளம்பரத்துக்காக உருவான பாத்திரம்தான் மெக்கால். லாரிப் பாட்டின் மிகப்பெரிய வெற்றியே அதன் முடிவுக்கும் அறிகுறியாயிற்று. டிரைவர்களுக்காகப் பாடியது போய், டிரைவர்களைப் போல வேடம்போட விரும்பியவர்களுக்காகப் பாடுவதாக ஆகிவிட்டது. மோகம் தீர்ந்ததும் அந்தக் கூட்டம் கலைந்தது.

எங்கே அடைபட்டது

1980 ஜூலை 1 அன்று அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் லாரித் தொழிலின் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. அதற்கு முன்பு எந்த வழித்தடத்தில் யார் ஓட்டலாம், என்ன கட்டணம் என்பதில் அரசு ஆணையத்தின் பிடி இறுக்கமாக இருந்தது. பிடி தளர்ந்ததும் புதிய நிறுவனங்கள் குவிந்தன, கட்டணம் இறங்கியது, சங்கம் மெலிந்தது, விலைவாசியோடு ஒப்பிட்டால் டிரைவரின் வருமானம் சரிந்தது. கடையில் பொருள் வாங்கியவர்களுக்கு இதில் லாபம் உண்டு, மறுக்க முடியாது. ஆனால் நெடுஞ்சாலையின் ராஜா என்று பாடப்பட்ட ஆள், மைலுக்கு இத்தனை சென்ட் என்று எண்ணி வாங்குகிறவராக மாறினார். நெடுந்தூர டிரைவருக்குப் பொதுவாக ஓடிய மைலுக்குத்தான் காசு. லோடு ஏற்ற, இறக்கக் காத்துக்கிடக்கும் மணிநேரம் பெரும்பாலும் கணக்கில் வராது. கூடுதல் நேரச் சம்பளம் தரவேண்டும் என்ற 1938 தொழிலாளர் சட்டத்திலும் அவருக்கு விலக்கு.

வானொலிக்கு அடி விழுந்தது 1996-இல். அந்த ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு நிறுவனம் நாடு முழுக்க இத்தனை நிலையங்கள்தான் வைத்திருக்கலாம் என்ற வரம்பை நீக்கியது. அதற்கு முன் வரம்பு 40. சில ஆண்டுகளில் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் சுமார் 1,200 நிலையங்கள். எந்தப் பாட்டு போடுவது என்பதை உள்ளூர் அறிவிப்பாளர் முடிவு செய்த காலம் போய், மேலிடத்துப் பட்டியல் வந்தது. நடுத்தர வயது லாரிக்காரருக்கென்று ஒரு பாட்டு அந்தப் பட்டியலில் ஏற வாய்ப்பே இல்லை. அவருடைய விளம்பர மதிப்பு அவ்வளவுதான்.

டேல் வாட்சனின் முதல் லாரி ஆல்பம் வந்தது 1998-இல். வியாபாரக் கணக்குப்படி இதைவிட மோசமான நேரம் கிடைத்திருக்காது.

டேல் வாட்சனின் பாதை

1962-இல் அலபாமாவின் பர்மிங்காமில் பிறந்து, ஹூஸ்டனை ஒட்டிய பசடீனாவில் வளர்ந்தவர். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் ஹாங்கி டாங்குகளும் நிறைந்த ஊர். பன்னிரண்டு வயதில் பாட்டெழுதத் தொடங்கினார். பள்ளிக்கூடக் காலத்திலேயே பகலில் படிப்பு, இரவில் கிளப்பில் பாட்டு. அண்ணன் தம்பிகளோடு சேர்ந்து ஒரு குழுவில் ஏழாண்டு வாசித்தார்.

1988-இல் ராக்கபில்லி பாடகி ரோஸி ஃபுளோரஸின் யோசனைப்படி லாஸ் ஏஞ்சலஸ் போனார். வடக்கு ஹாலிவுட்டில் பாலமினோ என்ற புகழ்பெற்ற கன்ட்ரிக் கிளப்பின் நிரந்தர இசைக்குழுவில் இடம் கிடைத்தது. 1990-ஐ ஒட்டிக் கர்ப் என்ற இசை நிறுவனம் இரண்டு சிங்கிள் (தனிப்பாட்டு) வெளியிட்டது, எடுபடவில்லை. பிறகு நாஷ்வில் போய்ச் சம்பளத்துக்குப் பாட்டெழுதினார். அங்கும் ஒட்டவில்லை. டெக்சஸுக்கே திரும்பி ஆஸ்டினில் ‘லோன் ஸ்டார்ஸ்’ என்று சொந்தக் குழு அமைத்தார். கலிபோர்னியாவின் சிறு நிறுவனமான ஹைடோன் 1995, 1996, 1997 என்று வரிசையாக மூன்று ஆல்பம் போட்டது. முதல் ஆல்பத்திலேயே நாஷ்விலைத் தோல் அரிப்போடு ஒப்பிட்டுக் கேலி செய்யும் பாட்டு ஒன்று உண்டு. சண்டை அன்றைக்கே தொடங்கிவிட்டது.

அடுத்து வந்தது ‘தி டிரக்கிங் செஷன்ஸ்’. பழைய லாரிப் பாட்டுகளை மறுபடி பாடி ஒப்பேற்றியிருக்கலாம். பலரும் அதைத்தான் செய்தார்கள். வாட்சன் பதினான்கு பாட்டையும் தானே எழுதினார். தலைப்புகளை மேலோட்டமாகப் பார்த்தாலே ஒரு டிரைவரின் நாள் தெரியும்: பஞ்சரான டயர், இழந்த நேரத்தை விரட்டிப் பிடிப்பது, இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது என்ற அலுப்பு, பிரேக்டவுன். அந்தக் கடைசிச் சொல் வண்டிக்கும் பொருந்தும், ஓட்டுகிறவர் மனத்துக்கும் பொருந்தும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். 2009-இல் இரண்டாம் தொகுதி வந்தது. சில ஆண்டுகள் கழித்து மூன்றாவதும் வந்தது. லாரியைத் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்த பாடகர்கள் நிறைய. சந்தையே இல்லாத காலத்தில் மூன்று முறை திரும்பி வந்தவர் அரிது.

தனியாகவும் இல்லை. நியூயார்க்கின் புரூக்ளினில் ஜெரமி டெப்பர் ‘டீசல் ஒன்லி’ என்று ஒரு சிறு நிறுவனம் நடத்தி, ஜூக்பாக்ஸ்களுக்கென்றே சிறிய இசைத்தட்டுகள் போட்டார். 1996-இல் பழைய லாரிப் பாடகர்களையும் புதியவர்களையும் ஒரே தொகுப்பில் சேர்த்தார். அதே ஆண்டு ஜூனியர் பிரவுன், ரெட் சிம்ப்சனைக் கூட்டிவந்து ஜோடியாகப் பாடினார். ஒரு சிறு மறுமலர்ச்சி என்று சொல்லலாம். வானொலி அதைக் கண்டுகொள்ளவில்லை.

2000-இல் வாட்சனின் காதலி கார் விபத்தில் இறந்தார். மனம் உடைந்து அவர் மருத்துவமனை வரை போனதை மறைத்ததில்லை. அடுத்த ஆண்டு வந்த ஆல்பம் முழுக்க அந்தப் பெண்ணுக்கானது. சாலையை ஜாலியாக மட்டுமே பாடியவர் என்று அவரை எடைபோடுகிறவர்கள் இந்த ஆல்பத்தைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

ராக்கபில்லிப் பக்கம் அவர் நேரடியாகத் திரும்பியது 2011-இல். மெம்பிஸின் பழைய சன் ஸ்டுடியோவுக்கே போய், ஜானி கேஷின் தொடக்ககாலக் குழுபோல இரண்டே இரண்டு துணைக் கலைஞர்களோடு ஒரு ஆல்பம் பதிவு செய்தார். குழுவுக்குப் பெயரே ‘டெக்சஸ் டூ’.

2013 ஜனவரியில், அன்றைய நட்சத்திரம் பிளேக் ஷெல்டன் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், தாத்தா காலத்துப் பாட்டை யாரும் கேட்க விரும்புவதில்லை என்ற பொருளில் பேசி, மரபு பேசுகிறவர்களைக் கிழட்டு முட்டாள்கள் என்கிற தொனியில் ஏசியும்விட்டார். மூத்த பாடகர் ரே பிரைஸ் வெளிப்படையாகக் கண்டித்தார். ஷெல்டன் மன்னிப்புக் கேட்டார். வாட்சன் ஒரு பதில் பாட்டு எழுதினார். அதன் தலைப்பை இங்கே அப்படியே தமிழில் போட்டால் ஆசிரியர் வெட்டிவிடுவார். அதோடு நிற்கவில்லை. கன்ட்ரி என்ற பெயரையே நாஷ்விலுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, தங்கள் இசைக்கு ‘அமெரிபாலிட்டன்’ என்று புதுப் பெயர் வைத்தார். 2014-இல் ஆஸ்டினில் அந்தப் பெயரில் விருது விழாவும் தொடங்கினார். ஹாங்கி டாங்க், வெஸ்டர்ன் ஸ்விங் (ஜாஸ் கலந்த டெக்சஸ் நடன இசை), ராக்கபில்லி, அவுட்லா (நாஷ்வில் மெருகை மறுத்த 1970-களின் கன்ட்ரி) என்று நான்கு பிரிவு. பின்னாளில் விழா மெம்பிஸுக்கு இடம் மாறியது. அவரும் அங்கே வீடு வாங்கினார்.

கிராமி பதினோரு ஆண்டு கழித்துச் செய்தது ஏறக்குறைய இதே பிரிவினைதான். ஒரு வித்தியாசம்: கிராமி இரண்டு பக்கத்துக்கும் ‘கன்ட்ரி’ என்ற பெயரை விட்டுவைத்தது.

வானொலி இல்லாமல் எப்படிப் பிழைப்பது?

இதற்கு அமெரிக்க இசைத்தொழிலின் காசுக் கணக்கு கொஞ்சம் தெரிய வேண்டும்.

1. சாதாரண ஏஎம், எஃப்எம் வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால் எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் காசு போகும். பாடியவருக்கு ஒரு சென்ட்கூட இல்லை. உலகின் பல நாடுகளில் பாடகருக்கும் பங்கு உண்டு. அமெரிக்கா இதில் விதிவிலக்கு. டட்லியின் பாட்டு இரவெல்லாம் ஒலித்தபோது வானொலிக் காசு எழுதிய இருவர் பக்கம்தான் போயிருக்கும். சொந்தமாக எழுதுவது வாட்சனுக்குக் கலைப் பிடிவாதம் மட்டுமில்லை என்பது இங்கே விளங்கும்.

2. ஆல்பம் விற்றால் எழுதியவருக்குச் சட்டப்படி ஒரு பாட்டுக்கு இத்தனை என்று உண்டு. 2006 முதல் 2022 வரை அது 9.1 சென்ட், 2023-இல் 12 சென்ட். டிரைவருக்கு மைலுக்கு சென்ட், பாட்டெழுதுகிறவருக்குப் பிரதிக்கு சென்ட்.

3. செயற்கைக்கோள், இணைய வானொலிக்குச் சட்டம் வேறு. அங்கே பாடகருக்கும் பங்கு: வசூலில் 45 சதவீதம் முதன்மைக் கலைஞருக்கு, 50 சதவீதம் பதிவின் உரிமையாளருக்கு, 5 சதவீதம் துணைக் கலைஞர்களுக்கு. 2000-களின் தொடக்கத்தில் செயற்கைக்கோள் வானொலி வந்தபோது மாதச் சந்தா கட்டத் தயாராக இருந்தவர்களில் லாரி டிரைவர்களும் உண்டு. நள்ளிரவுக் குரலான பில் மாக்கே அங்கே குடிபெயர்ந்தார். டீசல் ஒன்லி நடத்திய டெப்பர், சிரியஸ் வானொலியில் ‘அவுட்லா கன்ட்ரி’ அலைவரிசையைப் பொறுப்பெடுத்து 2024-இல் இறக்கும் வரை நடத்தினார். அடைபட்ட வழி, சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் பாதி திறந்தது.

4. மிச்சமெல்லாம் மேடை. ஆண்டின் பெரும்பகுதி பேருந்தில், ஊர் ஊராக, ஒரு இரவுக்கு இவ்வளவு என்று. ஓடினால்தான் காசு.

மேடை என்றதும் அரங்கத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். ஆஸ்டினின் பர்னெட் சாலையில் ஜின்னீஸ் லிட்டில் லாங்ஹார்ன் என்று ஒரு சின்னஞ்சிறு மதுக்கடை. ஞாயிறு மதியம் அங்கே வாட்சன் பாடுவது வழக்கமாயிற்று. ஒரு பக்கம் பாட்டு. இன்னொரு பக்கம், கட்டம் போட்டு எண் எழுதிய பலகைமேல் கம்பி வலைக்கூண்டு, கூண்டுக்குள் ஒரு கோழி. ஆளுக்கு ஒரு எண் சீட்டு வாங்கிக்கொண்டு சுற்றி நிற்பார்கள். கோழி எந்தக் கட்டத்தில் எச்சமிடுகிறதோ அந்த எண்காரருக்குப் பணம். கோழி தன் வேலையை முடிக்கும்வரை குழு வாசித்துக்கொண்டே இருக்கும். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் வியாபாரமாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம். ஞாயிறு மதியம் என்ற செத்த நேரத்தில் கடை நிரம்பியது. வானொலி உதவி இல்லாமல் ஒரு பாடகருக்கு நிரந்தரக் கூட்டம் கிடைத்தது. 2013-இல் அந்தக் கடையே அவர் குடும்பத்தின் கைக்கு வந்தது.

விருதுப் பிரிவு மாறியதால் இப்படிப்பட்ட பாடகர்களுக்கு என்ன கிடைக்கும்? பெயர் கிடைக்கலாம், சிலருக்குப் பெரிய மேடை கிடைக்கலாம். மேலே சொன்ன நான்கு கணக்கில் எதையும் விருது மாற்றாது.

பாட்டின் உள்ளே மாறியது

டிரைவரின் வேலை மாறியதால் பாட்டில் வைக்கக்கூடிய கதையும் மாறிவிட்டது. 2017 டிசம்பர் 18 முதல் பெரும்பாலான நெடுந்தூர லாரிகளில் மின்னணுப் பதிவுக் கருவி கட்டாயம். எஞ்சினோடு இணைந்திருக்கும், வண்டி எப்போது நகர்ந்தது, எப்போது நின்றது எல்லாம் தானாகப் பதிவாகும். பத்து மணிநேர ஓய்வுக்குப் பிறகு பதினான்கு மணிநேரக் கெடு, அதற்குள் பதினோரு மணிநேரம்தான் ஓட்டலாம். 1963-இன் நாயகன் செய்தது போலப் பதிவேட்டை எழுதாமல் விட்டுவிட்டு வீட்டுக்குப் பறக்க இன்று வழியில்லை. பாதுகாப்புக்கு இது நல்லதுதான். பாட்டெழுதுகிறவருக்குத்தான் ஒரு நல்ல வில்லன் போய்விட்டான்.

வாட்சனின் லாரிப் பாட்டுகள் இந்த மாற்றத்துக்கு முன்பே வேறு பக்கம் சாய்ந்திருந்தன என்பது என் கணிப்பு. சட்டத்தை ஏய்க்கும் வீரம் அவரிடம் குறைவு. அலுப்பு, நகைச்சுவை, நேரத்தோடு மல்லுக்கட்டல்தான் அதிகம். அவரே சாலையில் பிழைப்பவர் என்பதால் அப்படி வந்திருக்கலாம்.

எதிலிருந்து கேட்கத் தொடங்குவது?

1. டேவ் டட்லியின் 1963 பதிவு. இரண்டரை நிமிடம்தான். குரலைவிடக் கிதாரைக் கவனியுங்கள்.

2. ரெட் சிம்ப்சனின் 1966 ஆல்பம். பேக்கர்ஸ்ஃபீல்டு ஒலிக்கும் லாரிக்கும் உள்ள உறவு இதில் பளிச்சென்று தெரியும்.

3. ‘தி டிரக்கிங் செஷன்ஸ்’ முதல் தொகுதி. முந்தைய இரண்டையும் கேட்ட காதோடு கேட்டால், எதை அப்படியே எடுத்துக்கொண்டார், எதைச் சொந்தமாகச் சேர்த்தார் என்று பிரித்தறியலாம்.

4. வாட்சனின் 2011 சன் ஸ்டுடியோப் பதிவு. பெடல் ஸ்டீலைக் கழற்றிவிட்டால் அவரிடம் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க இதுதான் சரியான இடம். லாரி பிடிக்காதவர்கள் நேராக இதற்கே வந்துவிடலாம்.